வலி வராத நாட்கள்

(திருச்சியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடை ஏறியதும், தலைக்கு நேர் மேலே விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். "மேடம், முகம் தெரியாதே" என்று செயலாளர் தயங்கினார். முகத்தைப் பார்க்க யாரும் வரவில்லை, பேச்சைக் கேட்கத்தானே வந்திருக்கிறார்கள் என்று சொல்லி அணைக்க வைத்தேன். இப்படிச் சின்னச் சின்னதாக ஊரைத் தொந்தரவு செய்தபடி இருப்பதுதான் என் நோயின் வெளியே தெரிகிற பகுதி. எனக்கு நாள்பட்ட ஒற்றைத் தலைவலி இருக்கிறது. கல்லூரியில் பாடம் நடத்திய காலம் முழுக்கக் கூடவே வந்தது. நான் ஓய்வு பெற்றேன், அது பெறவில்லை. துணைக்குத் தைராய்டு குறைபாடு, வீசிங், கடைசியாக வந்து சேர்ந்த இரத்த அழுத்தம்.

நாள்பட்டது என்று எதைச் சொல்வது என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி. அதில் குறைந்தது 8 நாள் ஒற்றைத் தலைவலிக்குரிய குணங்களோடு. இது 3 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். இதை ஒருமுறை உறவினர் ஒருவரிடம் விளக்கினேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்படின்னா மீதி பதினஞ்சு நாள் நல்லாத்தானே இருப்பீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. வலிக்கிற நாளைப் பற்றிச் சொல்ல உண்மையில் அதிகம் இல்லை. இருட்டறை, ஈரத்துணி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்தில் முடியலாம், 72 மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் நோயாளி எதுவும் செய்வதில்லை, செய்யவும் முடியாது. இந்த நோயை வைத்துக்கொண்டு வாழ்வது என்ற வேலை முழுவதும் அந்த மீதி நாட்களில்தான் நடக்கிறது. அந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்றிரண்டு எண்கள். உலகத்தில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக நோய்ச் சுமை ஆய்வு மதிப்பிடுகிறது. பருவமடைந்த பிறகு ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது. நமக்குப் பக்கத்தில், பெங்களூரு நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் விசாரித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர். இந்த அரங்கில் நூறு பேர் இருப்பீர்கள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கை தூக்கச் சொன்னால் அத்தனை கைகள் எழாது. பாதிப்பேர் தங்களுக்கு இருப்பது சைனஸ் என்பார்கள், கண்ணாடி பவர் என்பார்கள், பித்தம் என்பார்கள். அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று தாமாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பியிருந்த 2,991 பேரைச் சோதித்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் வகைதான். மூக்கு ஒழுகுவதும் கண்ணில் நீர் வருவதும் இந்த நோயிலேயே உண்டு. அதனால் வருகிற குழப்பம் இது.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நாம் இரண்டையும் ஒரே வரியில் வைத்துவிட்டோம். வீட்டுக்குள் வந்து பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. 102 என்று காட்டினால் மாமியாரும் நம்புவார், மேலதிகாரியும் நம்புவார், கஞ்சி தானாக வரும். தலைவலிக்கு எண் கிடையாது. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் வரும். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வருகிற நாளில் நோயாளிக்கு நிம்மதியும் அவமானமும் சேர்ந்தே வரும். "பாரு, ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு" என்று வீடு கொண்டாடும்.

ஒன்றுமில்லாமல் இல்லை. சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே மின்னுகிற வளைகோடு ஒன்று தோன்றி, மெல்ல விரிந்து, கால் மணி அரை மணியில் மறையும். ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தனக்குத் தெரிந்த அந்தக் கோடு, கோட்டை மதிலின் மூலைகளைப் போல வளைந்து வளைந்து போவதை, 1870இல் வண்ணத்தில் வரைந்து வெளியிட்டார். அவருடைய தந்தை, வானியலாளர் ஜார்ஜ் ஏரிக்கும் அதே காட்சி வந்ததுண்டு. பிறகு கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் கண்ணில் அந்தக் கோடு விரிகிற வேகத்தைத் தாளில் குறித்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941இல் எழுதினார். கண்ணெதிரே அது விரிந்துகொண்டிருக்கும்போதே பென்சிலை எடுத்தாரே, அந்த மனிதரை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீராது. மூன்றே ஆண்டுகளில், 1944இல், அரிஸ்டிடெஸ் லியாவ் என்ற பிரேசில் நாட்டு ஆய்வாளர் முயலின் மூளையில் அதே மெதுவான வேகத்தில் மின் இயக்கத்தை அடக்கிக்கொண்டு ஓர் அலை பரவிப் போவதைக் கண்டார். அவர் தேடிப்போனது வலிப்பு நோய்க்கான விளக்கத்தை. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ஆகவே "எல்லாம் நினைப்புதான்" என்று யாராவது சொன்னால், அந்த நினைப்பின் வேகம் நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள்.

இனி மீதி நாட்களுக்கு வருகிறேன்.

காலை எழுந்ததும் என் வீட்டில் நடப்பது இது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்டபின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. காபி அந்த மருந்தை உடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். ஆனால் தினமும் காபி குடித்துப் பழகிய உடம்புக்குக் காபி தள்ளிப்போனால் அதுவே தலைவலிக்குக் காரணமாகலாம். முதல் நாள் மாலையோடு கடைசிக் காபி குடித்திருந்தால் மறுநாள் காலைக்குள் பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிடும். கஃபீன் கிடைக்காததால் வருகிற தலைவலி தொடங்குகிற நேரமும் அதுதான். எனவே ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி. ஒரு நாளும் தவறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்று எட்டு மணி வரை தூங்கினால் அதிகத் தூக்கம் ஒரு பக்கம், தாமதக் காபி ஒரு பக்கம். எலும்புக்கான கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அப்புறம் இன்ஹேலர், பிரஷர் மாத்திரை. விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் இத்தனை கணக்கு முடிந்தாக வேண்டும். விருந்தாளியாகப் போன வீட்டில் அன்போடு ஐந்து மணிக்கே காபியை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் கோபம், வாங்கினால் அன்றைய தைராய்டு மாத்திரை பாதி வீண்.

ஒரே நோய் இருப்பவருக்கு மருத்துவர் ஒரு மருந்து எழுதலாம். நான்கு நோய் இருப்பவருக்கு நான்கு மருத்துவர்கள் நான்கு சீட்டில் எழுதுகிறார்கள். அந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கிறவர் பல வீடுகளில் நோயாளி ஒருவர்தான். தலைவலி வராமல் தடுக்கத் தினமும் போடச் சொல்கிற மருந்துகளில் ப்ராப்ரனலால் பழையது, விலை குறைந்தது. வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். டோபிராமேட் சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு யோசித்துத்தான் தர வேண்டும். அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் இரண்டும் எடையைக் கூட்டக்கூடும், சர்க்கரை நோயாளிக்கு அது வேறு தலைவலி. வால்ப்ரோயேட்டைக் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்குத் தலைவலிக்காகக் கொடுக்கவே கூடாது. வலி வந்தபின் போடுகிற டிரிப்டான் வகை மாத்திரைகள் இதய இரத்தக்குழாய் அடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடாதவை. நான் சொன்ன அந்த மின்னல் கோடு பார்க்கிற பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது "எனக்குத் தலைவலி உண்டு, கண்ணில் இப்படித் தெரியும்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தோன்றும்? அது வேறு டாக்டர் விஷயம் என்று நினைத்துவிடுவோம்.

அதனால் என் பையில் எப்போதும் ஒரு தாள் இருக்கும். எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் அதில். ஐந்து நிமிடம் கிடைக்கிற இடத்தில் வாயால் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மருந்துகளைப் பற்றி இன்னொரு விஷயம். இந்தத் தடுப்பு மருந்துகள் எல்லாமே இரவல். ப்ராப்ரனலால் இதயத்துக்காக வந்தது. நெஞ்சுவலிக்கு அதைச் சாப்பிட்ட ஒருவருக்குத் தலைவலி குறைந்ததை 1966இல் கவனித்தார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக வந்தது. டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்புக்காக. போட்டாக்ஸ் ஊசியை முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொண்டவர்கள் தலைவலி குறைந்ததாகச் சொன்னார்கள். 2010இல் அமெரிக்காவில் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அனுமதி கிடைத்தது. இந்த நோய்க்கென்றே யோசித்துச் செய்த முதல் தடுப்பு மருந்து 2018இல்தான் அங்கே அனுமதி பெற்றது. வலியின்போது நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படுகிற சிஜிஆர்பி என்ற பொருளைத் தடுக்கிற ஊசி அது. அந்தப் பொருளின் பங்கைக் கண்டறிந்ததற்காகத்தான் லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி உள்ளிட்ட நால்வருக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான பரிசு கிடைத்தது. விலையைக் கேட்டால் நம்மில் பலருக்கு அது இன்னும் செய்தித்தாளில் படிக்கிற மருந்துதான்.

இரவல் மருந்துக்கு வீட்டுக்குள் ஒரு விளைவு உண்டு. அட்டையின் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்க்கிற மருமகனோ மைத்துனரோ எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். "இது டிப்ரஷன் மாத்திரைல்ல?" என்பார். "ஃபிட்ஸுக்குக் குடுக்கறதாமே?" என்பார். அடுத்த கல்யாணத்துக்குள் செய்தி ஊர் சுற்றிவிடும். பெண் பார்க்கிற பேச்சு நடக்கிற வீடாக இருந்தால் மாத்திரை டப்பா அலமாரிக்குள் போய்விடும். சில நாளில் மாத்திரையே நின்றுவிடும். தலைவலிக்கு எழுதிய மருந்து இது என்று மருத்துவர் சீட்டிலேயே ஒரு வரி எழுதிக்கொடுத்தால் எத்தனையோ பெண்கள் பாதியில் நிறுத்த மாட்டார்கள். உண்மையிலேயே மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயாளிகளிடம் அதிகம் என்பது வேறு. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. அதற்கும் மருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லையே.

இப்போது மாத்திரைக் கணக்கு. மீதி நாட்களில் மனத்தை அதிகம் தின்பது இதுதான்.

வலிக்குப் போடும் மாத்திரையே அடிக்கடி போட்டால் தலைவலியைக் கொண்டுவரும். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையோ கஃபீன் கலந்த கூட்டு மாத்திரைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் வருகிற தலைவலிக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: மருந்து மிகைத் தலைவலி. ஆக, ரேஷன் அரிசி மாதிரி மாதத்துக்கு இவ்வளவுதான். காலை பத்து மணிக்கு நெற்றிப் பொட்டில் லேசாகத் தட்ட ஆரம்பிக்கிறது. சீக்கிரம் போட்டால்தான் மாத்திரை நன்றாகக் கேட்கும், தள்ளிப்போட்டால் கேட்காது. ஆனால் இது வளர்கிற வலியா, தானாக அடங்குகிற வலியா என்று இப்போதே எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை செலவழித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு என்ன செய்வது? மாதம் இருபதாம் தேதிதானே ஆகிறது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பெண் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். உள்ளே இத்தனை நடக்கிறது.

மருந்துக்கடையில் "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்டால் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுக்கிறார்கள். பெயர் இருந்த பாகம் அடுத்தவருக்குப் போய்விடும். அதில் ஒரு மருந்து இருக்கிறதா மூன்று இருக்கிறதா, கஃபீன் உண்டா இல்லையா, வாங்கியவருக்குத் தெரியாது. கணக்கு வைக்க நினைத்தாலும் எதைக் கணக்கு வைப்பது? தயவுசெய்து பெயர் தெரியும்படி வாங்குங்கள். காலண்டரில் மாத்திரை போட்ட தேதியை வட்டமிடுங்கள். தினசரிக் காலண்டராக இருந்தால் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். மாதக் காலண்டரில் செய்யுங்கள். மருத்துவருக்கு நீங்கள் காட்டக்கூடிய மிக நல்ல ஆவணம் அந்தத் தாள்.

நிறையப் பேர் அதைவிட நீளமான குறிப்பு வைக்கிறார்கள். என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன், யாரோடு சண்டை. குற்றவாளியைக் கண்டுபிடிக்கிற வேலை. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வலி தொடங்குவதற்கு முந்தைய நாளே மூளையில் மாற்றம் ஆரம்பித்துவிடுகிறது: கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், இனிப்பின் மேல் ஆசை. அந்த ஆசையில் ஒரு சாக்லேட்டைத் தின்றுவிட்டு, மறுநாள் சாக்லேட்டால் வந்தது என்று எழுதுகிறோம். வந்துகொண்டிருந்த வலிதான் சாக்லேட்டைக் கேட்டது என்றும் இருக்கலாமே. மேலும், ஒரு காரணம் தனியாக வேலை செய்வது அபூர்வம். தூக்கம் கெட்டது, மாதவிலக்கு நெருங்கியது, உச்சி வெயிலில் சத்திரம் பஸ் நிலையத்தில் நின்றது, பிறகு தஞ்சாவூர் போகிற தனியார் பேருந்தில் ஸ்பீக்கருக்கு அடியில் இடம் கிடைத்தது. எல்லாம் சேர்ந்துதான் வரும். வீட்டார் கையில் இந்தக் காரணப் பட்டியல் கிடைத்தால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. "வெயில்ல போகாதன்னு சொன்னேன்ல?" நோயும் அவளுடையது, தப்பும் அவளுடையது.

ஆனாலும் சில தூண்டுதல்கள் நிஜம், அதிலும் ஒன்று நம்முடையது. தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். மேல்நாட்டுப் புத்தகங்களில் அது கிடையாது. மும்பையின் நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர், தன்னிடம் வந்த நோயாளிகளில் இப்படிச் சொன்ன 94 பேரைப் பற்றி 2006இல் பன்னாட்டுத் தலைவலி இதழில் எழுதினார். சிலருக்குத் தலைக்குளியல் மட்டுமே தூண்டுதல். பலருக்கு மற்றவற்றோடு சேர்ந்து. நீளமான கூந்தல், காய நேரமாகிற ஈரம், ஈரத்தோடு இறுக்கிக் கட்டிய துண்டு. நம் குளியலறைச் செய்தி ஆய்விதழுக்குப் போனதில் எனக்குத் தனிச் சந்தோஷம். வெள்ளிக்கிழமை காலையில் அவசரமாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தைப் போக்கச் சாம்பிராணியும் பிடித்துக்கொள்கிற வீடுகளில், புகையும் வாசனையும் தங்கள் பங்குக்கு வேலை செய்கின்றன. என் தீர்வு சாதாரணமானது: முந்தின நாள் மதியம் குளித்துவிட்டு, காயும்வரை முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். வெள்ளிக்கிழமை கோபித்துக்கொள்ளவில்லை.

பட்டினியும் அப்படித்தான். அமாவாசையன்று படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அது வந்து எடுத்தபிறகுதான் வீட்டுப் பெண்கள் வாயில் ஏதாவது போடுவார்கள். மணி ஒன்று ஒன்றரை ஆகிவிடும். என் அம்மாவுக்கு அமாவாசைதோறும் மாலையில் மண்டை பிளக்கும். நெற்றியில் அமிர்தாஞ்சனத்தைத் தேய்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பைக் கிழித்த துணியால் தலையை இறுக்கிக் கட்டிப் படுத்திருப்பார். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கி, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்த அந்த மஞ்சள் தைலம் எத்தனை அமாவாசைகளைப் பார்த்திருக்கும்! விரதத்தை விடச் சொல்லவில்லை. விரதத்துக்குள்ளேயே பழத்துக்கும் பாலுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அதை ஏன் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

மைடாஸ் என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது. இந்த நோய் ஒருவரை எவ்வளவு முடக்குகிறது என்று அளப்பதற்கு உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். முக்கியமான கேள்விகள் ஐந்துதான். கடந்த மூன்று மாதத்தில் தலைவலியால் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எத்தனை நாள் வேலை பாதியாகக் குறைந்தது, எத்தனை நாள் வீட்டு வேலை செய்யவில்லை, எத்தனை நாள் வீட்டு வேலை பாதியாயிற்று, எத்தனை நாள் குடும்ப நிகழ்ச்சிகளுக்குப் போகவில்லை. நம் ஊர்ப் பெண்ணிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்பாள். சோறு வடிக்காத நாள் ஏது? வாந்தி எடுத்து வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ரசத்துக்குத் தாளித்திருப்பாள், தாளிக்கிற வாசனை தாங்காமல் திரும்ப ஓடியிருப்பாள். நான்காவதுக்கும் பூஜ்யம், யாரும் பாதிச் சமையலைச் சாப்பிட்டு எழுந்ததில்லை. கூட்டினால் மதிப்பெண் குறைவாக வரும், நோய் லேசானது என்று தாள் சொல்லும். கேட்கிற மருத்துவர் அடுத்ததாக ஒன்று கேட்க வேண்டும்: "அன்னைக்கு எப்படிச் செஞ்சீங்க?"

வேலைக்குப் போகிறவர்கள் நிலை இன்னொரு விதம். விடுப்புக் கடிதத்தில் தலைவலி என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று காய்ச்சல் என்று எழுதுகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் 21 வகைகள் பட்டியலில் உள்ளன. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பு கூட இருக்கிறது, ஒற்றைத் தலைவலியின் பெயர் இல்லை. எல்லாருக்கும் சான்றிதழ் கொடுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. ஜன்னல் கண்ணாடியின் கூசுகிற வெளிச்சம் படாத நாற்காலி, ஏசி காற்று நேரே மண்டையில் அடிக்காத இடம், அரை மணி நேரம் படுக்க ஒரு இருட்டு மூலை. இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை, ஒரு மேலாளர் மனம் வைத்தால் போதும். மருத்துவமனைகளும் மனம் வைக்கலாம். நரம்பியல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் சுவரளவு டிவியில் சீரியல் அலறிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வாக்குக் கொடுப்பது. வர்றேன் என்று சொல்ல முடியாது. "வர முயற்சி பண்றேன்" என்றுதான் சொல்ல வரும். பத்திரிகை வைக்க வந்தவர் முகம் சுருங்கும். போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாலோ, "நேத்து படுத்திருந்தாளாம், இன்னைக்குப் பாரு, முன்வரிசையில நிக்கறா" என்பார்கள். போகாமலிருந்தால் கர்வம். ரயில் டிக்கெட் எடுக்கும்போதே ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று பார்ப்பேன். பைக்குள் மாத்திரை, தண்ணீர், பிஸ்கட், கறுப்புக் கண்ணாடி, வாந்திக்கு இரண்டு கேரிபேக். சிநேகிதிகளில் சிலர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் குறையில்லை, எத்தனை தடவைதான் கூப்பிடுவார்கள்? நிறுத்தாதவர்கள் செய்தது ஒன்றுதான்: வருவாயா என்று கேட்காமல், "நாங்க போறோம், முடிஞ்சா வா" என்றார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் அந்த வாக்கியத்தை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையாக ஒன்று. பழகிய தலைவலிக்காரர்கள் எல்லாவற்றையும் பழைய வலி என்றே ஒதுக்கிவிடுவோம். ஒரே நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற இடி போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தலைவலி, வழக்கமான வலியின் குணமே மாறிப்போவது. இவற்றில் எது வந்தாலும் தைலத்தைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேசத் தொடங்குமுன் ஒரு துண்டுச் சீட்டு என் கைக்கு வந்தது. பெயர் எழுதவில்லை. "இது எப்போதாவது போகுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பலருக்கு அதிகமாகும். நின்றபிறகு பலருக்குக் குறையும். எனக்குக் குறைந்தது, போகவில்லை. மாத்திரை மிகையால் நாள்பட்டதாக மாறியவர்களில் நிறையப் பேருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் அந்த மாத்திரையை நிறுத்தினால் வலி வருகிற நாட்கள் குறைகின்றன. முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அந்த வாரங்களில் சமையலுக்கு யார் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். சீட்டு எழுதியவர் விரும்பினால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், வாசலில் அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன். அங்கே வெளிச்சம் குறைவு.